மூவர் வட்டத்தில் முதலிடம்

1971 மார்ச்சு 8ஆம் நாள் இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில், தோல்வியே அறியாத இருவர் எதிரெதிரே நின்றனர். ஜோ ஃபிரேசியர் அதுவரை ஆடிய 26 போட்டிகளிலும் வென்றவர். முகமது அலி 31 போட்டிகளிலும் வென்றவர். பதினைந்தாம் சுற்றில் ஃபிரேசியரின் இடக்கைக் கொக்கிக் குத்து அலியின் தாடையில் இறங்கியது. அலி மல்லாந்து விழுந்து எழுந்தார். மதிப்பெண் இட்ட மூவரும் ஃபிரேசியரே வென்றார் என்றனர். 1973 சனவரி 22ஆம் நாள் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் அதே ஃபிரேசியரை ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளில் ஆறுமுறை தரையில் வீழ்த்தினார். 1974 அக்டோபர் 30ஆம் நாள், ஆப்பிரிக்காவின் கின்சாசாவில், விடியலுக்கு முன்னரே தொடங்கிய போட்டியின் எட்டாம் சுற்றில் ஃபோர்மனை அலி வீழ்த்தினார். ஃபோர்மன் அதற்குமுன் 40 போட்டிகளில் ஒன்றிலும் தோற்றவர் அல்லர்.

இம்மூன்று முடிவுகளையும் ஒரு தாளில் எழுதி அம்புக்குறி இட்டால் அவை நேர்கோடாக நில்லாமல் வட்டமாகச் சுழல்கின்றன. உயரத்தில் இவ்வாறு நேராது. வேலனைவிடக் கண்ணன் உயரம், கண்ணனைவிட மாறன் உயரம் என்றால், மாறன் வேலனைவிட உயரமாகத்தான் இருப்பான். இருவரையும் அருகருகே நிறுத்திப் பார்க்கவேண்டியதில்லை. பள்ளிக் கணக்கு நூல்கள் இப்பண்பைக் கடப்பு உறவு என்கின்றன. எடை, வெப்பம், விரைவு அனைத்தும் கடப்பு உறவு உடையவை. வெற்றி அத்தகையது அன்று. எடை ஒருவனிடம் உள்ள பண்பு. வெற்றி இருவருக்கு இடையே நிகழும் நிகழ்ச்சி. ஆயினும் ஒவ்வோர் எடைப்பிரிவிலும் முதல்வர், இரண்டாமவர், மூன்றாமவர் எனப் பத்துப் பெயர்களை நூல்பிடித்தாற்போல் அடுக்கிக் காட்டும் வழக்கம் நூறாண்டுகளாக உள்ளது. அந்த அடுக்கு எந்த அளவுக்கு அறிவு, எந்த அளவுக்குத் துணிபு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆராய்ச்சிக்களமாக, ஹெவிவெயிட் என உலகம் வழங்கும் மிகுஎடைப் பிரிவையும், அதன் மிகச் செழித்த காலமான 1970களையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் எடைப்பிரிவு என்பது ஏன் என்று காண்போம். 1985இல் ஆங்கில ஆய்வாளர் சிலர் ஃபிராங்க் புருனோ என்னும் மிகுஎடை வீரரின் குத்தைக் கருவிகொண்டு அளந்தனர். இலக்கைத் தொடும்போது அவர் முட்டியின் விரைவு நொடிக்கு 8.9 மீட்டர், உச்ச விசை 4096 நியூட்டன். ஏறக்குறைய 400 கிலோ எடை அழுத்தும் விசை அது. குத்து முட்டியில் பிறப்பதில்லை. கால் தரையை உந்துவதில் தொடங்கி, இடுப்புச் சுழற்சி வழியே தோளுக்கு ஏறி, கடைசியில் முட்டிக்கு வருகிறது. ஆதலால் உடலின் நிறை முழுவதும் அதில் பங்குகொள்கிறது. குத்து வாங்குபவனின் தலைக்கும் கழுத்துக்கும் இது பொருந்தும். நிறை குறைந்த தலை அதே விசைக்கு மிகுதியான முடுக்கம் பெறும். மூளை ஓட்டுக்குள் அதிர்வதும் மிகும். எடை என்னும் ஒரு காரணியை ஏறத்தாழச் சமன்செய்துவிட்டால்தான் ஏனைய திறன்களை ஒப்பிட முடியும் என்பதால் பிரிவுகள் தோன்றின. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை நிலைநிறுத்திவிட்டு மற்றதை அளக்கும் முறையே இது.

மிகுஎடைப் பிரிவில் மட்டும் இந்தச் சமன் பாதிதான் உண்டு. அதற்குக் கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு இல்லை. 1970களில் கீழ்வரம்பு 175 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 79 கிலோ. இன்று அது 200 பவுண்டு; ஏறக்குறைய 91 கிலோ. 1971இல் ஃபிரேசியர் அலியை வென்றபோது அவர் எடை 205½ பவுண்டுதான். இன்றைய பிரிவின் வாயிலில் நிற்கும் எடை அது. வேறுவேறு காலத்து வீரர்களை ஒரே பட்டியலில் அடுக்குவோர் இந்த ஒன்றையே மறந்துவிடுகின்றனர். ஒரே பெயர் தாங்கிய பிரிவு, ஒரே பிரிவாக இருந்ததில்லை.

எடையைச் சமன்செய்த பிறகும் வட்டம் எப்படித் தோன்றுகிறது? திறன் என்பது ஒற்றைக்கோல் அன்று என்பதே விடை. அலி தொலைவை ஆள்பவர். நீண்ட இடக்கை நேர்க்குத்தாலும் கால் ஓட்டத்தாலும் எதிரியை எட்டாத இடத்திலேயே நிறுத்துவார். ஃபிரேசியர் உடலைத் தாழ்த்தி, இடமும் வலமும் தலையை அசைத்து, அந்தத் தொலைவைக் கடந்து உள்ளே நுழைபவர். அலியின் நேர்க்குத்து அவர் தலைக்கு மேலே சென்றது. அவருடைய இடக்கைக் கொக்கி அலியை எட்டியது. ஆனால் அதே தாழ்ந்த நிலை ஃபோர்மனுக்கு வாய்ப்பாயிற்று. கீழிருந்து மேல்நோக்கிச் செல்லும் அவருடைய வன்குத்து, குனிந்து வரும் தலையைத் தேடிப்போக வேண்டியதில்லை. தலையே அதனிடம் வந்தது. அலியோ ஃபோர்மனிடம் குனியவில்லை. கயிற்றில் சாய்ந்து, கைகளால் முகத்தை மூடி, அவருடைய குத்துகளைத் தோளிலும் கையிலும் வாங்கி, அவர் வலிமை வற்றும்வரை காத்திருந்தார். ஆகவே ஃபிரேசியரிடம் இருந்தது அலிக்கான திறவுகோல்; ஃபோர்மனிடம் இருந்தது ஃபிரேசியருக்கானது; அலியிடம் இருந்தது ஃபோர்மனுக்கானது. மூன்று பூட்டுகளுக்கும் பொதுவான சாவி எவரிடமும் இல்லை.

இது ஒருமுறை நேர்ந்த விந்தை அன்று. ஜெரி குவாரி 1973இல் எர்னி ஷேவர்ஸை முதல் சுற்றிலேயே வென்றார். கென் நார்ட்டன் 1975இல் குவாரியை வென்றார். அந்த நார்ட்டனை 1979இல் ஷேவர்ஸ் முதல் சுற்றிலேயே வீழ்த்தினார். மற்றொரு வட்டம்: 1974இல் ஃபோர்மன் நார்ட்டனை இரண்டு சுற்றில் வென்றார், 1977 மார்ச்சில் ஜிம்மி யங் ஃபோர்மனை வென்றார், அதே ஆண்டு நவம்பரில் நார்ட்டன் யங்கை வென்றார். ஒரே பத்தாண்டில், ஒரே பிரிவில், ஏழே வீரர்களிடையே மூன்று வட்டங்கள்.

1940இல் மாரிஸ் கெண்டல், பாபிங்டன் ஸ்மித் என்னும் ஆங்கில அறிஞர் இருவர் இத்தகைய வட்டங்களை எண்ணும் கணக்கை வகுத்தனர். பத்து வீரர்கள் ஒருவரோடொருவர் ஒருமுறை மோதினால் 45 போட்டிகள் நிகழும். பத்துப் பேரிலிருந்து மும்மூவராகத் தேர்ந்தெடுத்தால் 120 மூவர் குழுக்கள் கிடைக்கும். அவற்றுள் மிகுதியாக 40 குழுக்கள் வட்டமாகலாம். எல்லாப் போட்டிகளையும் நாணயம் சுண்டியே முடிவுசெய்தால் சராசரியாக 30 குழுக்கள் வட்டமாகும். எனவே வட்டங்களின் எண்ணிக்கை 30ஐவிட எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தெளிவான வரிசை அங்கே உண்டு என்று கொள்ளலாம். அழகான கணக்கு. ஆனால் அதற்கு 45 போட்டிகளும் நடந்திருக்க வேண்டும். குத்துச்சண்டையில் அவை நடப்பதே இல்லை.

தரவரிசைக் கலையின் உண்மையான இடர் இங்குதான் உள்ளது. சதுரங்கத்தில் தரப்புள்ளி என்றால் என்னவென்று தமிழ்நாட்டில் பள்ளிச் சிறாருக்கும் தெரியும். 2700 என்ற எண்ணின் மதிப்பை அவர்களே விளக்குவார்கள். அம்முறையை வகுத்தவர் அர்பாட் ஈலோ. அங்கேரியில் பிறந்து, அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் இயற்பியல் கற்பித்தவர். இருவருடைய புள்ளி வேறுபாடு 200 என்றால், மேலிருப்பவர் சராசரியாக நூற்றுக்கு 76 பங்கு பெறுவார்; வேறுபாடு 400 என்றால் 91 பங்கு. ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பின்னும், எதிர்பார்த்ததற்கும் நிகழ்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டுக்கேற்பப் புள்ளி ஏறும், இறங்கும். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இல் இதை ஏற்றது. எளிமையும் நேர்மையும் வாய்ந்த முறை. ஆயினும் நீரில் எழுந்தமிழும் தக்கையின் நிலையை, காற்றில் ஆடும் கயிற்றில் கட்டிய அளவுகோலால் அளப்பதற்கு இதனை ஈலோவே ஒப்பிட்டார். ஆட்டங்கள் பலவாக இருக்கும்போது அந்த அலைவு அடங்கி உண்மை தெளிகிறது. சதுரங்க வீரர் ஓர் ஆண்டிலேயே பல பத்து ஆட்டங்கள் ஆடுவார். முகமது அலி தம் வாழ்நாள் முழுவதும் தொழில்முறையில் ஆடியவை 61 போட்டிகள், ஃபிரேசியர் 37. அவற்றிலும் உச்சநிலை எதிரிகளோடு ஆடியவை விரல்விட்டு எண்ணத்தக்கவை.

இச்சிறு தரவிலிருந்து என்ன பெற முடியும் என்பதை நானே கணக்கிட்டுப் பார்த்தேன். 1929இல் எர்ன்ஸ்ட் செர்மேலோ என்னும் செருமானியக் கணிதர் சதுரங்கப் போட்டிகளுக்காக ஒரு வழி சொன்னார். 1952இல் பிராட்லி, டெரி இருவரும் அதையே தனியாகக் கண்டு வளர்த்தனர். ஒவ்வொரு வீரருக்கும் ஒரு வலிமை எண் உண்டு என்று கொள்க. இருவர் மோதினால், முதல்வர் வெல்லும் நிகழ்தகவு, அவருடைய எண்ணை இருவர் எண்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. ஒவ்வொருவரும் வெல்வார் என்று கணக்கு எதிர்பார்க்கும் வெற்றிகளும் அவர் உண்மையில் பெற்ற வெற்றிகளும் சமமாகும்படி அந்த எண்களைக் கண்டறிய வேண்டும். அவ்வளவே.

அலி, ஃபிரேசியர், ஃபோர்மன், நார்ட்டன் நால்வரும் தமக்குள் ஆடியவை பத்துப் போட்டிகள். அலியும் ஃபிரேசியரும் மூன்றுமுறை மோதினர். அலிக்கு இரண்டு, ஃபிரேசியருக்கு ஒன்று. அலியும் நார்ட்டனும் மூன்றுமுறை. அலிக்கு இரண்டு, நார்ட்டனுக்கு ஒன்று. ஃபோர்மன் ஃபிரேசியரை இருமுறையும் நார்ட்டனை ஒருமுறையும் வென்றார். அலியிடம் ஒருமுறை தோற்றார். இவற்றைச் சமன்பாட்டில் இட்டு, அலியின் எண்ணை 100 என்று வைத்தால், ஃபோர்மனுக்கு 130 வருகிறது; நார்ட்டனுக்கு 35; ஃபிரேசியருக்கு 28. அலியிடம் வீழ்ந்த ஃபோர்மன் அலிக்கு மேலே நிற்கிறார்! மீண்டும் மோதினால் ஃபோர்மன் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 57 என்கிறது கணக்கு. காரணம் தெளிவானது. அலியை வென்ற இருவரையும் ஃபோர்மன் எளிதில் நசுக்கினார். கின்சாசா இரவு ஒன்றே அவருக்கு எதிரான சான்று. பத்தில் ஒரு சான்று, எஞ்சியவற்றின் எடையைத் தாங்கவில்லை.

இனி ஐந்தாமவராக ஜிம்மி யங்கைச் சேர்ப்போம். அவர் கொணர்வன மூன்றே போட்டிகள்: 1976இல் அலியிடம் தோல்வி, 1977இல் ஃபோர்மன்மீது வெற்றி, நார்ட்டனிடம் தோல்வி. கணக்கை மீண்டும் போட்டேன். அலி 100; ஃபோர்மன் 53; நார்ட்டன் 46; யங் 31; ஃபிரேசியர் 19. முதலிடம் மாறிவிட்டது. ஃபோர்மன் அலியை வெல்லும் வாய்ப்பு 57இலிருந்து 35க்கு இறங்கிவிட்டது. அலியும் ஃபோர்மனும் இடையில் மீண்டும் மோதவில்லை. போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவான் நகரில், வெப்பம் மிகுந்த ஓர் அரங்கில், பன்னிரண்டு சுற்றுகள் ஃபோர்மன் வேறொருவரோடு போராடித் தோற்ற ஓர் இரவே முதலிடம் மாறியதற்குப் பெருங்காரணம். அந்த இரவுக்குப்பின் ஃபோர்மன் பத்தாண்டுகள் கையுறை அணியவே இல்லை. சமயப் பணிக்குச் சென்றுவிட்டார். அன்று அவர் வென்றிருந்தால் வரலாறு வேறு வரிசையைச் சொல்லும்.

ஒரே தரவின்மேல் மூன்றே சான்றுகள் கூடும்போது முதலிடமே கைமாறுமானால், அந்த முதலிடத்தை நாம் எந்த அளவுக்கு அறிந்திருக்கிறோம்? எதையும் அளந்து எண்ணாகத் தரும் அறிவியலாளர், கூடவே பிழை எல்லையையும் எழுதுவார். ஒரு கல்லின் வயதைச் சொன்னால் முன்பின் இத்தனை ஆண்டு என்பார். தரவரிசைப் பட்டியல் மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தயக்கமே இன்றி எழுதுகிறது. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் இடையே உள்ள தொலைவு மலையா, மணலா என்று அது சொல்வதில்லை. எனக்கு இதில் உள்ள மனக்குறை இதுவே. வரிசைப்படுத்துவது தவறன்று, ஐயத்தை மறைத்து வரிசைப்படுத்துவதே தவறு.

ஃபிரேசியர் கடைசியில் நிற்பதையும் அப்படியே ஏற்க முடியாது. 37 போட்டிகளில் அவர் தோற்றவை நான்கே. இரண்டு அலியிடம், இரண்டு ஃபோர்மனிடம். வேறு எவரும் அவரை வென்றதில்லை. ஆஸ்கர் போனவேனா, ஜெரி குவாரி, ஜிம்மி எல்லிஸ் ஆகிய மூவரையும் இருமுறை வீதம் வென்றவர் அவர். என் சிறு கணக்கு இந்த வெற்றிகளைக் காணவில்லை. ஐவர் வட்டத்துக்குள் நடந்ததை மட்டுமே கண்டது. மிக வலியவர்களோடு மிகுதியாக மோதியதற்காகவே அவர் தண்டிக்கப்பட்டார். நார்ட்டனோ 1970இல் ஹொசே லூயிஸ் கார்சியா என்பவரிடம் வீழ்ந்தார். அந்தத் தோல்வியும் கணக்குக்கு வெளியே நின்றது. வீரர்களை முனைகளாகவும் போட்டிகளை இணைப்புகளாகவும் வரைந்தால் கிடைக்கும் கோட்டுருவில், எந்த இடத்தில் எல்லை வெட்டுகிறோம் என்பதே விடையை மாற்றிவிடுகிறது. எல்லையை விரித்துக்கொண்டே போனால் ஃபிரேசியர் மேலேறுவார்.

காலமும் இக்கணக்குக்குத் தெரியாது. 1971இன் ஃபிரேசியரும் 1976இன் ஃபிரேசியரும் அதற்கு ஒருவரே. 1967இல் படையில் சேர மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்ட அலி, 25ஆம் அகவை முதல் 28ஆம் அகவை வரை ஏறக்குறைய மூன்றரை ஆண்டுகள் ஒரு போட்டியும் ஆடவில்லை. ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளின் தரவு முற்றிலும் இல்லை. எந்தச் சமன்பாடும் அதை நிரப்பாது.

போட்டி முடிவு என்பதுகூடப் பல நேரங்களில் ஓர் அளவீடே; அதற்கும் பிழை உண்டு. முதல் அலி–ஃபிரேசியர் போட்டியின் மதிப்பெண் தாள்களைப் பாருங்கள். ஒருவர் ஃபிரேசியருக்கு 9 சுற்று, அலிக்கு 6 என்றார். இன்னொருவர் 11க்கு 4 என்றார். மேடையின்மீதே நின்ற நடுவர் ஆர்தர் மெர்கன்டே 8க்கு 6, ஒரு சுற்று சமன் என்றார். ஒரே அரங்கில் ஒரே நேரத்தில் நிகழ்ந்த ஒன்றை மூன்று கண்கள் இவ்வளவு வேறாக அளந்தன. அன்று வென்றவர் யார் என்பதில் மூவரும் ஒன்றுபட்டனர், அது நற்பேறு. அலியும் நார்ட்டனும் 1973இல் ஆடிய இரு போட்டிகளிலும் நடுவர்கள் பிளவுபட்டனர். மார்ச்சில் நார்ட்டன் வென்றார், அலியின் தாடை எலும்பும் முறிந்தது. செப்டம்பரில் அலி வென்றார். 1976இல் யாங்கீ ஸ்டேடியத்தில் நடந்த மூன்றாம் போட்டியின் தீர்ப்பு இன்றும் வழக்காடப்படுகிறது. ஒரு நடுவரின் பேனா ஓரிரு சுற்றுகளில் வேறு பக்கம் சாய்ந்திருந்தால் என் சமன்பாட்டின் எண்கள் அனைத்தும் வேறு. இரண்டு சுற்றில் எதிரியைத் தரையில் கிடத்தியதையும், பன்னிரண்டு சுற்றுக்குப்பின் ஒரே தாளின் வேறுபாட்டில் வென்றதையும் ஒரே வெற்றியாகக் கொள்வது எவ்வளவு பொருந்தும் என்பதும் எண்ணத்தக்கது.

கணக்கு இப்படித் தடுமாறும்போது மாந்தர் குழுவின் மதிப்பீடே சிறந்தது என்று தோன்றலாம். நாட் ஃபிளைஷர் 1922இல் தொடங்கிய 'தி ரிங்' இதழ் 1924ஆம் ஆண்டுக்கான வரிசையை முதன்முறை வெளியிட்டது. தொகுத்தவர் டெக்ஸ் ரிக்கர்ட், போட்டிகளை நடத்திய புகழ்பெற்ற ஏற்பாட்டாளர். வாகையர் ஒருவர், அவர்கீழ்ப் பத்துப் போட்டியாளர் என்னும் வடிவத்தை நிலைபெறச் செய்தது அவ்விதழே. ஆனால் குழுவுக்கும் வட்டம் விலக்கன்று. 1785இல் பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்சே காட்டியபடி, குழுவினர் ஒவ்வொருவரும் தெளிவான வரிசை வைத்திருந்தாலும், பெரும்பான்மை கருத்தைக் கூட்டினால் வட்டம் பிறக்கலாம். ஒருவர் அலி, ஃபிரேசியர், ஃபோர்மன் என்றும், இன்னொருவர் ஃபிரேசியர், ஃபோர்மன், அலி என்றும், மூன்றாமவர் ஃபோர்மன், அலி, ஃபிரேசியர் என்றும் எழுதினால், மூவரில் இருவர் அலியை ஃபிரேசியருக்கு மேலும், இருவர் ஃபிரேசியரை ஃபோர்மனுக்கு மேலும், இருவர் ஃபோர்மனை அலிக்கு மேலும் வைத்தவராவர்.

அதனினும் பெரிய இடர் வேறொன்று. தட்பவெப்பத்தை அளக்கும் கருவி தட்பவெப்பத்தை மாற்றுவதில்லை. தரவரிசையோ தான் அளப்பதையே மாற்றுகிறது. மேலிடம் பெற்றவருக்கே பட்டப் போட்டி கிடைக்கும். பட்டப் போட்டிக்கே பெரும்பணம் கிடைக்கும். போட்டி கிடைக்காதவர் தம்மை மெய்ப்பிக்கும் வழியே இன்றிக் கீழேயே கிடப்பார். வரிசை தன் தரவைத் தானே படைத்துக்கொள்கிறது. பணம் இங்கே நுழைகிறது. பணத்தோடு பொய்யும் நுழைகிறது.

1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான ஏபிசி, டான் கிங் ஏற்பாட்டில் ஒரு தொடர்போட்டியை ஒளிபரப்பியது. வீரர்களைத் தேர்ந்தெடுக்க 'தி ரிங்' இதழின் தரவரிசையே அடிப்படை. சில வீரர்களின் கணக்கில் நடக்காத போட்டிகளின் வெற்றிகள் எழுதப்பட்டிருந்தது வெளிப்பட்டது. ஏப்ரலில் தொடர் நிறுத்தப்பட்டது. அரை நூற்றாண்டு நம்பப்பட்ட பட்டியல் அந்த ஆண்டு பட்ட காயம் எளிதில் ஆறவில்லை. 1983இல் நியூ ஜெர்சியில் தோன்றிய பன்னாட்டுக் குத்துச்சண்டைக் கூட்டமைப்பின் நிறுவனத் தலைவர் ராபர்ட் லீ, தரவரிசையில் இடம் தரக் கையூட்டுப் பெற்றதாக 1999இல் குற்றம் சாட்டப்பட்டார். 2000இல் பல குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவிக்கப்பட்டார். வரி ஏய்ப்பு, பணமோசடி முதலிய சிலவற்றில் குற்றவாளி எனத் தீர்ப்பாகி 22 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். 2001இல் நிகழ்ந்தது நெஞ்சை உலுக்குவது. உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பட்டியலில் ஏழாம் இடத்தில் இருந்த டேரின் மோரிஸ் என்னும் வீரர் 2000 அக்டோபரில் இறந்துபோனார். அதன்பிறகும் அவர் இருமுறை உயர்த்தப்பட்டு ஐந்தாம் இடத்தை அடைந்தார். அப்பட்டியலை எழுதியோர், அவர் போட்டிகளைப் பார்த்திருந்தால், அவர் இல்லாமையை அறிந்திருப்பார்கள்.

2000இல் அமெரிக்கா இயற்றிய முகமது அலி பெயர்தாங்கிய சட்டம், தரவரிசையின் அளவுகோல்களை வெளியிடுமாறும், முதல் பத்தில் மாற்றம் செய்தால் காரணம் கூறுமாறும் அமைப்புகளைப் பணிக்கிறது. நல்ல தொடக்கம். ஆயினும் உலகக் குத்துச்சண்டைச் சங்கம், உலகக் குத்துச்சண்டை மன்றம், மேலே சொன்ன கூட்டமைப்பு, அமைப்பு என நான்கு நிறுவனங்கள் இன்றும் நான்கு பட்டியல் வைத்துள்ளன. ஒரு நிறுவனத்தின் வாகையர் இன்னொன்றின் பட்டியலில் பொதுவாக இடம்பெறுவதில்லை. பட்டப் போட்டிக்குக் கட்டணம் வாங்குவோரே அப்போட்டிக்குத் தகுதியானவர் யார் என்றும் முடிவுசெய்கின்றனர். 1978இல் அப்போதைய வாகையர் லியான் ஸ்பிங்க்ஸ் நார்ட்டனோடு மோதாமல் அலியோடு மறுபோட்டிக்குச் சென்றதால், உலக மன்றம் நார்ட்டனுக்கு வாகைப் பட்டத்தை வழங்கியது. நார்ட்டன் தம் வாழ்நாளில் ஆடிய மூன்று பட்டப் போட்டிகளிலும் தோற்றவர். அவர் பெருவீரர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வெற்றியை ஓர் அலுவலகத் தாள் வழங்கலாகாது. 2012இல் பல நாட்டு எழுத்தாளர்களும் ஆய்வாளர்களும் ஊதியமின்றிக் கூடி ஒரு தனி வரிசைக் குழு அமைத்தனர். கட்டணம் வாங்காத அக்குழுவின் வரிசையே இன்று கவனத்துக்குரியது என்பது என் துணிபு; அதனுடன் ஒவ்வோர் இடத்துக்கும் பிழை எல்லையையும் எழுதினால் அது முழுமை பெறும்.

பிறர் பட்டியலை இவ்வளவு ஆராய்ந்தபின் என் பட்டியலையும் வைப்பது கடமை. 1971 முதல் 1977 வரையிலான மிகுஎடைப் பிரிவில் அலி முதல்வர். இதைத் தயங்காமல் எழுதுகிறேன். நான் எடுத்துக்கொண்ட ஐவருள் ஏனைய நால்வரையும் வென்றவர் அவர் ஒருவரே. ஃபோர்மன் இரண்டாமவர்; கிங்ஸ்டனும், நார்ட்டனை அவர் வென்ற கரகாசும் அவருக்குச் சான்று, சான் யுவான் எதிர்ச்சான்று. யங் ஐந்தாமவர். மூன்றாம் இடத்தில் ஃபிரேசியரையும் நான்காம் இடத்தில் நார்ட்டனையும் வைக்கிறேன். ஆனால் இவ்விரண்டையும் அழிக்கத்தக்க எழுதுகோலால் எழுதியிருக்கிறேன். இருவரும் குவாரியை வென்றவர்கள். எடி ஃபுட்ச் இருவருக்கும் பயிற்சி தந்தவர். நார்ட்டன் ஒருகாலத்தில் ஃபிரேசியரின் பயிற்சிக்கூட எதிராளியாக நாள்தோறும் கையுறை கட்டியவர். மக்கள் கூடிய மேடையில், நடுவர் முன்னிலையில், அவ்விருவரும் ஒருமுறையும் மோதியதில்லை.